கேண்டால்ஃபுக்கு உண்மையில் எவ்வளவு தெரியும்?

டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, அதில் வரும் மந்திரவாதி கேண்டால்ஃபையும் ஒரு மோதிரத்தைச் சுமக்க நேரும் நாயகன் ஃப்ரோடோவையும் வைத்து ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "கேண்டால்ஃப் எல்லாம் தெரிந்தவர்தானே? அது என்ன மோதிரம் என்று ஃப்ரோடோவிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" உடனே இன்னொருவர், "தெரிந்தேதான் மறைத்தார், எல்லாமே அவர் போட்ட கணக்கு" என்பார். மூன்றாமவர், "அவருக்கே ஒன்றும் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் ஓட்டினார்" என்று முடித்துவைப்பார்.

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. டோல்கீன் அந்தக் கிழவரைப் படைத்த விதத்தில் உள்ள அழகே இந்த மூன்று பதிலிலும் தொலைந்துபோகிறது. கேண்டால்ஃபுக்கு எது தெரியும், எது தெரியாது, எதை எப்போது தெரிந்துகொண்டார் என்பதையெல்லாம் நூல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நிதானமாகப் பின்தொடர்ந்தால் போதும்.

நாம் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்குப் பழக்கமான கதைகளில் முனிவர் என்றால் முக்காலமும் உணர்ந்தவர். கண்ணை மூடினால் போதும்; நடந்தது, நடப்பது, நடக்கப்போவது எல்லாம் ஞானதிருஷ்டியில் தெரிந்துவிடும். நீண்ட தாடி, கையில் தடி, திடீரென்று வருவது, சொல்லாமல் போவது என்று இருக்கும் கேண்டால்ஃபையும் அந்த வரிசையிலேயே உட்கார்த்திவிடுகிறோம். அவர் அந்த வரிசையில் இல்லை.

தெரியும் என்றால் என்ன?

ஒரு மருத்துவரை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளி உள்ளே நுழையும்போதே நடையையும் முகத்தையும் பார்த்து அவருக்குள் ஏதோ உறுத்தும். இன்ன நோய் என்று சொல்லத் தெரியாது. ஆனால் சரியில்லை என்று தோன்றும். இது உள்ளுணர்வு. பிறகு நாடி பிடிக்கிறார், நாலு கேள்வி கேட்கிறார். "இதுவாக இருக்கலாம்" என்ற இடத்துக்கு வருகிறார். இது ஊகம், அதாவது கையில் உள்ள தடயங்களைக் கோத்து எட்டும் முடிவு. கடைசியில் ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. இப்போதுதான் அவருக்குத் தெரியும். இதை அறிவு என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றும் ஒரே தலைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் உறுத்தலை வைத்துக்கொண்டு நல்ல மருத்துவர் எவரும் கத்தியை எடுக்கமாட்டார். பரிசோதனை முடிவு வரும்வரை நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லவும் யோசிப்பார். அதை மறைப்பது என்று நாம் சொல்வதில்லை.

கேண்டால்ஃபின் அறிவும் இப்படித்தான் படிப்படியாக ஏறுகிறது. முக்காலம் உணர்ந்த முனிவருக்கு உரியது முன்னறிவு: நடப்பதற்கு முன்பே நடக்கப்போவதை அறிந்திருப்பது. கேண்டால்ஃபிடம் அது இல்லை.

மோதிரத்தைக் கண்டுபிடிக்க ஆன காலம்

இதற்கு மோதிரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கதை நடக்கும் மத்திய பூமியின் மூன்றாம் யுகத்தில், 2941ஆம் ஆண்டு, ஹாபிட் என்ற சிற்றுருவ இனத்தைச் சேர்ந்த பில்போ, ஃப்ரோடோவின் உறவினன், ஒரு மோதிரத்தைக் கண்டெடுக்கிறான். அது தனக்கு எப்படிக் கிடைத்தது என்று அவன் சொன்ன கதை கேண்டால்ஃபுக்கு ஒட்டவில்லை. அதுவரை அதை வைத்திருந்த கோல்லம் என்ற குகைவாசி அதைப் பரிசாகத் தருவதாகச் சொன்னான் என்றான் பில்போ. நேர்மையான ஆள் ஒரு சாதாரண மோதிரத்துக்காக ஏன் பொய் சொல்ல வேண்டும்? அங்கேதான் உறுத்தல் தொடங்குகிறது. உறுத்தல் மட்டும்தான்.

அதைப் பின்தொடராமல் விட்டதற்குக் காரணமும் உண்டு. 2953இல் வெள்ளை அவை என்ற பெரியோர் கூட்டத்தில், மந்திரவாதிகளுக்குத் தலைவரான சாருமான், இருள் அரசன் சௌரானின் ஆதிமோதிரம், மற்ற மாய மோதிரங்களை ஆள அவன் செய்தது, ஆற்றோடு போய்க் கடலில் கலந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்கிறார். மோதிரங்களைப் பற்றி ஆயுள் முழுக்கப் படித்தவர் அவர். துறை வல்லுநர் ஒருவர் "அது இல்லை" என்று சொன்ன பிறகு நாமும் மனசைச் சமாதானப்படுத்திக்கொள்வோம் அல்லவா, கேண்டால்ஃபும் அதைத்தான் செய்தார். சாருமான் சொன்னது பொய்.

3001இல் பில்போவுக்கு 111ஆவது பிறந்தநாள். ஆளைப் பார்த்தால் மோதிரம் கிடைத்த நாளில் இருந்ததுபோலவே இருக்கிறான். அன்றிரவு மோதிரத்தை ஃப்ரோடோவுக்கு விட்டுவிட்டுப் போகச் சொன்னால், முகம் சிவந்து சண்டைக்கு நிற்கிறான். உறுத்தல் ஊகமாக மாறும் இடம் அது. ஃப்ரோடோவிடம் அதைப் பயன்படுத்தாதே, பத்திரமாக வை என்று மட்டும் சொல்லிவிட்டு கேண்டால்ஃப் கிளம்புகிறார்.

திரைப்படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். 2001இல் வந்த படத்தில் அவர் போய்ச் சீக்கிரமே திரும்பிவிடுவதுபோல் இருக்கும். நூலில் இடைவெளி 17 ஆண்டுகள். அவ்வளவு காலமும் அவர் சும்மா இருக்கவில்லை. இடையிடையே வந்து ஃப்ரோடோவைப் பார்த்துப் போகிறார். அரகார்ன் என்ற வீரனோடு சேர்ந்து கோல்லத்தைத் தேடி அலைகிறார். கிடைக்கவில்லை என்று ஒரு கட்டத்தில் கைவிடவும் செய்கிறார். பிறகு, சாருமான் எப்போதோ சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வருகிறது: மோதிரத்துக்கு அடையாளக் குறிகள் உண்டு. அந்தக் குறிகளைச் சாருமான் எங்கே படித்திருப்பார்? மினாஸ் டிரித் நகரின் பழைய ஏட்டுக் குவியலைக் கிளறுகிறார். சௌரானின் கையிலிருந்து மோதிரத்தை வெட்டி எடுத்த ஐசில்டர் தன் கைப்பட எழுதிய சுருள் அகப்படுகிறது. எடுத்தபோது மோதிரம் தணலாய்ச் சுட்டது, அப்போது தெரிந்த எழுத்துகள் சூடு தணியத் தணிய மறைந்தன என்று அதில் இருக்கிறது. அதே 3017இல் அரகார்ன் கோல்லத்தைப் பிடித்துவிட, அவனை விசாரித்து மோதிரம் கிடைத்த இடத்தையும் தெரிந்துகொள்கிறார். ஐசில்டர் மாண்ட இடத்துக்குப் பக்கம் அது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பரிசோதனை பாக்கி. 3018 ஏப்ரல். ஃப்ரோடோவின் வீடு. வெளியே தோட்டக்காரன் சாம் புல் வெட்டும் கத்தரியின் ஓசை கேட்கிறது. கேண்டால்ஃப் மோதிரத்தை வாங்கி அடுப்பு நெருப்பில் எறிகிறார். ஃப்ரோடோ பதறி இடுக்கியைத் தேட, கையமர்த்தித் தடுக்கிறார். சன்னல் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிடுகிறார். சற்று நேரம் கழித்து இடுக்கியால் எடுத்து நீட்டுகிறார். கை சுடும் என்று பயந்தவனுக்கு மோதிரம் சில்லென்று இருக்கிறது. அப்புறம் உள்ளும் புறமும் மெல்லிய நெருப்புக் கோடுகளாய் எழுத்துகள் எழுகின்றன.

இந்த நொடியில்தான் கேண்டால்ஃபுக்குத் தெரியும். அதே உட்காரலில் ஃப்ரோடோவிடம் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். உறுதியான பிறகு ஒரு நாள்கூட அவர் தள்ளிப்போடவில்லை என்பதை "மறைத்தார்" என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொன்னால்: பில்போவின் பொய்யில் உறுத்தல், பிறந்தநாள் இரவில் ஊகம், அடுப்பு நெருப்பில் அறிவு. நடுவில் கடந்தது 77 ஆண்டுகள்.

தேவ வம்சத்தவருக்கு ஏன் தெரியாமல் போகிறது?

"அவர் மனிதரே இல்லையே, பிறகு எதற்கு இந்த ஏட்டுச் சுருள் தேடல் எல்லாம்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

கேண்டால்ஃப் பிறப்பால் ஒரு மையா. டோல்கீனின் உலகில் மையா என்றால், உலகம் உருவாகும் முன்பே இருந்த ஆவிகளில் ஒருவர். பெருந்தெய்வங்களுக்கு ஒரு படி கீழே. அங்கே அவர் பெயர் ஒலோரின். சௌரானும் அதே இனம்தான். சௌரானை எதிர்ப்பவர்களுக்குத் துணையாக இருக்கும்படி, மூன்றாம் யுகம் 1000 வாக்கில் இப்படி ஐவர் மேற்கிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மந்திரவாதிகள் என்று நாம் சொல்வது இந்த ஐவரைத்தான். நூலில் அவர்களுக்கு இஸ்தாரி என்று பெயர்.

அனுப்பியவர்கள் ஒரு கட்டுப்பாட்டோடுதான் அனுப்பினார்கள். கிழ மனித உடலில் போக வேண்டும். பசி, களைப்பு, வலி, அச்சம் எல்லாம் உண்டு. கொல்லப்படவும் கூடும். சௌரானின் பலத்தைப் பலத்தால் மோதக் கூடாது, மக்களை அடக்கி ஆளவும் கூடாது. அறிவுரை சொல்லலாம், ஊக்கம் தரலாம், அவ்வளவே. டோல்கீன் மறைந்த பிறகு அவர் மகன் தொகுத்து 1980இல் வெளியான குறிப்புகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: உடலெடுத்ததால் வந்த இடத்தின் நினைவு அவர்களுக்குத் தொலைவில் தெரியும் காட்சிபோல ஆகிவிட்டது, பலவற்றைப் பட்டுப்பட்டு மெதுவாகப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கனவு கண்டு எழுந்தவருக்குக் கனவின் சாயல் நெஞ்சில் இருக்கும், விவரம் பிடிபடாது. கேண்டால்ஃபுக்குத் தன் பழைய வாழ்வு அந்த மாதிரி. மத்திய பூமியின் ஊர்கள், மொழிகள், வம்சங்கள், ஹாபிட்டுகளின் உறவு முறைகள் எல்லாம் அவர் இரண்டாயிரம் ஆண்டு நடந்து திரிந்து சேர்த்த சரக்கு. ஞானதிருஷ்டியில் வந்ததல்ல, கால் தேய வந்தது.

நண்பன் என்று எழுதியிருந்த கதவு

அவருக்குத் தெரியாமல் போனவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, மோதிரத்தை அழிக்கக் குழுவாகப் போகும் வழியில் வரும் மோரியாச் சுரங்கத்தின் மேற்கு வாசல். நிலவொளியில் பாறையில் வெள்ளிக் கோடுகளாய்க் கதவு தெரிகிறது. மேலே எல்ஃப் என்ற சாவற்ற இனத்தாரின் மொழியில் ஒரு வரி. கேண்டால்ஃப் வாய்விட்டுப் படிக்கிறார்: "நண்பா, சொல்லி உள்ளே வா." எதைச் சொல்ல? ஏதோ மந்திரச் சொல் வேண்டும் என்று முடிவு செய்கிறார். தனக்குத் தெரிந்த மந்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார். தடியால் தட்டுகிறார். வரிசையை மாற்றிச் சொல்கிறார். "திற, திற" என்று எல்லா மொழியிலும் கத்துகிறார். பாறை அசையவில்லை. தடியைக் கீழே எறிந்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்.

சற்று முன்னதாக ஹாபிட் மெர்ரி ஒரு கேள்வி கேட்டிருந்தான்: "நண்பா, சொல்லி உள்ளே வா என்றால் என்ன அர்த்தம்?" அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உட்கார்ந்திருந்த கிழவர் திடீரென்று எழுந்து சிரிக்கிறார். அந்த வரியை "'நண்பன்' என்று சொல்லி உள்ளே வா" என்று படித்திருக்க வேண்டும். எல்ஃப் மொழியில் "மெல்லோன்" என்கிறார். கதவு திறக்கிறது. மெர்ரிதான் சரியான பாதையில் போனான் என்று அங்கேயே ஒப்புக்கொள்கிறார்.

எல்லாம் தெரிந்தவர் நடித்துக்காட்டிய காட்சி என்று இதை எடுத்துக்கொள்ள வழியே இல்லை. பின்னால் நீரில் ஏதோ அசைகிறது, ஓநாய்கள் ஊளையிடுகின்றன, உயிர் போகிற நேரம் அது. அளவுக்கு மீறிப் படித்தவர் எளிய வரியில் தடுக்கி விழுகிறார். அப்புறம் தானே எழுந்து நிற்கிறார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். சாருமான் துரோகி என்று தெரியாமல் அவர் கோட்டைக்கே நடந்து போய், 3018 ஜூலை 10 முதல் செப்டம்பர் 18 வரை கோபுர உச்சியில் சிறைப்பட்டுக் கிடந்தார். போவதற்கு முன், ஜூலை முடிவதற்குள் கிளம்பிவிடு என்று ஃப்ரோடோவுக்கு எழுதிய கடிதத்தை ப்ரீ ஊரின் விடுதிக்காரரிடம் கொடுத்தார். அவர் அனுப்ப மறந்துவிட்டார். ஃப்ரோடோ கிளம்பியது செப்டம்பர் 23இல். மோரியாவுக்குள்ளே ஓர் அறைக் கதவுக்கு அப்பாலிருந்து தன்னை எதிர்த்த சக்தி என்னவென்று அவருக்குப் புரியவில்லை. பாலத்தருகே, குழுவிலிருந்த எல்ஃப் லெகோலாஸ் "பால்ராக்", அதாவது நெருப்புப் பேய், என்று அலறிய பிறகுதான் "இப்போது புரிகிறது" என்கிறார். சாருமானின் கோபுரத்திலிருந்து வந்து விழுந்த கண்ணாடிக் கோளம் சௌரானோடு பேசும் கருவி என்பதை, ஹாபிட் பிப்பின் திருட்டுத்தனமாக அதைப் பார்த்து அகப்பட்ட பிறகே முழுதாக உணர்கிறார். தானே அதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாகவும் சொல்கிறார். பார்த்திருந்தால் சௌரான் முன் வெளிப்பட்டிருப்பார்.

அப்படியானால் எதையுமே மறைக்கவில்லையா?

மறைத்தார். இதில் நேர்மையாக இருக்க வேண்டும். எல்ஃபுகளின் மூன்று மோதிரங்களில் ஒன்றான நெருப்பு மோதிரம், நார்யா, தொடக்கத்திலிருந்தே அவர் கையில் இருக்கிறது. மத்திய பூமியில் அவர் வந்து இறங்கியபோது கப்பல் கட்டும் கிர்டான் அவருக்குக் கொடுத்தது. கதையின் கடைசியில், துறைமுகத்தில் கப்பல் ஏறும் நேரத்தில்தான் அது வெளியே தெரிகிறது. அதுவரை உடன் நடந்த ஹாபிட்டுகளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆக, அவர் சொல்லாமல் இருந்தவற்றில் இரண்டு வகை. பிறரிடமிருந்து காக்க வேண்டிய ரகசியம் ஒன்று. தனக்கே உறுதியாகாதது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனமாகத் தெரியும். விவாதங்களில் வரும் பாதிச் சண்டை இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைப்பதால் வருவது.

நாம் குழம்புவதற்கு இன்னொரு காரணம் பார்வைக்கோணம். யாருடைய கண்வழியாகக் கதை சொல்லப்படுகிறது என்பதைத்தான் பார்வைக்கோணம் என்கிறோம். பெரியவர்கள் அறைக்குள் பேசிக்கொண்டிருக்க, திண்ணையில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் காதில் விழும். இந்த நூலில் நாம் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள். கதையே ஹாபிட்டுகள் எழுதிவைத்த ஏட்டிலிருந்து வந்தது என்பதுதான் டோல்கீனின் ஏற்பாடு. கேண்டால்ஃபின் மனதுக்குள் நம்மை அவர் அழைத்துப்போவதே அரிது. புருவம் சுருங்குவதைப் பார்க்கிறோம், காரணம் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் எல்லாம் பெரிய ரகசியம் இருக்கும் என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

எழுதியவருக்கு எவ்வளவு தெரியும்?

இது பலருக்கும் தோன்றாத பக்கம். 1937இல் 'தி ஹாபிட்' வெளிவந்தபோது பில்போவின் மோதிரம் வெறும் மாயமோதிரம். போட்டால் ஆள் மறைவான், அவ்வளவே. உலகையே அழிக்கும் ஆதிமோதிரம் என்ற எண்ணம் டோல்கீனுக்கே அப்போது இல்லை. அந்த முதல் பதிப்பில் கோல்லம் விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தையே பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். எழுதியவருக்கே தெரியாத ஒன்று கேண்டால்ஃபுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அடுத்த நூலை எழுதும்போது மோதிரம் கனத்துவிட்டது. அவ்வளவு கொடிய பொருளைக் கோல்லம் மனமுவந்து தருவதாக இருந்தால் பொருந்தாது. எனவே 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். இதைப் பின்திருத்தம் என்று சொல்லலாம்: பிறகு வந்த கதைக்குப் பொருந்துமாறு முன்பு சொன்னதை மாற்றுவது. ஆனால் அவர் பழைய வடிவத்தைத் தூக்கி எறியவில்லை. அதுதான் பில்போ முதலில் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே ஆக்கிவிட்டார். கேண்டால்ஃபை உறுத்திய அந்தப் பொய், 1937இல் வாசகர்கள் உண்மை என்று நம்பிப் படித்த பக்கங்கள்தான். இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் வெளிப்படையாகவே சொல்கிறார்: எழுதிக்கொண்டிருந்தபோது சாருமான் என்ற ஆள் தனக்குத் தெரியவே தெரியாது, செப்டம்பர் 22இல் கேண்டால்ஃப் ஏன் வந்துசேரவில்லை என்று ஃப்ரோடோவைப் போலத் தானும் குழம்பினேன் என்று. கிழவர் எங்கே போனார் என்று ஹாபிட் வாசலில் நின்று தவித்த நேரத்தில், எழுதியவரும் பக்கத்திலேயே நின்று தவித்திருக்கிறார்.

மூன்று அடுக்கு என்று நினைவில் வையுங்கள்: பாத்திரம் அறிந்தது, வாசகர் அறிந்தது, எழுதியவர் அந்த நேரத்தில் அறிந்தது. "அவருக்குத் தெரியுமா" என்று கேட்கும்போது எந்த அடுக்கைக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தெரியாமல் வைத்திருந்த சாவி

2850இல் கேண்டால்ஃப் சௌரானின் டோல் குல்தூர் கோட்டைக்குள் ஒளிந்து நுழைகிறார். நிலவறையில் சாகக் கிடக்கும் ஒரு குள்ளன் அவரிடம் ஒரு வரைபடத்தையும் சாவியையும் கொடுத்து, என் மகனுக்கு என்கிறான். மகன் பெயரும் சொல்லவில்லை, தன் பெயரும் நினைவில்லை. கேண்டால்ஃபுக்கு அவன் யாரென்று தெரியாது. ஆனாலும் ஏதோ உள்ளே சொல்ல, பத்திரமாக வைத்துக்கொள்கிறார். பிறகு கிட்டத்தட்ட மறந்தும் போகிறார். 91 ஆண்டுகள் கழித்து ப்ரீ அருகே தற்செயலாக தோரின் என்ற குள்ளனைச் சந்தித்த பிறகுதான் இரண்டும் பொருந்துகின்றன. அந்தச் சாவி போகவேண்டிய மகன் தோரின். பில்போவின் பயணம், மோதிரம், எல்லாமே அந்தச் சந்திப்பிலிருந்து தொடங்குகின்றன. எந்தத் திட்டமும் இல்லை. தெரியாத ஒன்றை அலட்சியமாக எறியாமல் வைத்திருந்தார், அது மட்டும்தான்.

கோல்லம் விஷயமும் இதே போலத்தான். அவனைப் பில்போ கொன்றிருக்கலாமே என்று ஃப்ரோடோ கேட்கும்போது, மிகப் பெரிய அறிவாளிகளுக்கும் எல்லா முடிவும் தெரிவதில்லை என்கிறார். அவனுக்கு இன்னும் ஏதோ ஒரு பங்கு இருக்கிறது, நல்லதோ கெட்டதோ, என்று தன் நெஞ்சு சொல்வதாகவும் சொல்கிறார். கடைசியில் எரிமலை விளிம்பில் கோல்லம் மோதிரத்தோடு விழுந்து அதை அழிக்கப்போவதை அவர் கண்டு சொன்ன வாக்கு என்று பலர் இதைப் படிக்கிறார்கள். "நல்லதோ கெட்டதோ" என்ற சொல்லே அதை மறுக்கிறது.

கறுப்பு வாசலில்

கடைசியாக ஒரு காட்சி. சௌரானின் நாடான மோர்தோரின் கறுப்பு வாசல் முன்னால் கேண்டால்ஃபும் தோழர்களும் சிறு படையோடு நிற்கிறார்கள். சௌரானின் தூதன் வந்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறான்: சாம் வைத்திருந்த குறுவாள், எல்ஃப் ஊசி குத்திய சாம்பல்நிறப் போர்வை, ஃப்ரோடோ அணிந்திருந்த, மித்ரில் என்ற அரிய உலோகத்தாலான கவசம். பிப்பின் அலறிக்கொண்டு முன்னால் பாய்கிறான். கேண்டால்ஃப் அவனைப் பின்னுக்குத் தள்ளுகிறார். அருகில் நின்றவர்கள் அவர் முகத்தில் வேதனையைப் பார்க்கிறார்கள். வற்றிச் சுருங்கிய கிழவராகத் தெரிகிறார்.

ஃப்ரோடோ பிடிபட்டான் என்பதோடு முந்தைய பாகம் முடிந்திருக்கும். அவன் என்ன ஆனான் என்பது அடுத்த பகுதியில்தான் வரும். நூலை முதன்முறை படிப்பவருக்கும் அந்த இடத்தில் அவரைவிடப் பெரிதாக எதுவும் தெரியாது.

தூதன் நிபந்தனைகளை அடுக்குகிறான். கேண்டால்ஃப் கேட்கிறார்: அந்தக் கைதி எங்கே, கொண்டுவந்து காட்டு. தூதன் ஒரு மூச்சு நேரம் திணறியதுபோல் அவருக்குத் தோன்றுகிறது. ஒரு மூச்சு நேரம்தான். அடுத்து அவர் பேரத்தை மறுத்துவிட்டு, வாளையும் போர்வையையும் கவசத்தையும் அவன் கையிலிருந்து பறித்துக்கொள்கிறார்.